கோந்துக்கும் சேர்த்து நான் பட்ட வெட்கம்

உங்களுக்கு மூல ஆபரேஷன் நடந்தால், அதற்கு யாராவது கையால் செய்த வாழ்த்து அட்டை கொண்டுவந்து நீட்டுவார்களா?

எங்கள் பி.ஜி. விடுதி ஓனர் அங்கிளுக்கு நீட்டினார்கள். அட்டையைத் திறந்தால் உள்ளே மடிந்திருந்த ஒரு நாற்காலி படக்கென்று எழுந்து நிற்கும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காகித நாக்கை இழுத்தால், ஒரு குட்டித் தலகாணி நகர்ந்து வந்து நாற்காலியின் மேல் உட்காரும். கீழே குண்டு எழுத்தில், 'சீக்கிரம் உட்கார வாழ்த்துகள்!' செய்தவன் என் ரூம்மேட் கோந்து. ஆஸ்பத்திரியில், அங்கிளின் சம்பந்தி வீட்டார் கட்டிலைச் சுற்றி நிற்க, அதை அவர் கையில் கொடுத்தவன் நான். ஏனென்றால் கோந்தின் இரண்டு கையிலும் பசை காயவில்லை.

"என்னப்பா இது?" என்றார் அங்கிள்.

"இழுங்க அங்கிள். பயப்படாம இழுங்க. நல்லா டெஸ்ட் பண்ணிட்டேன்" என்றான் கோந்து.

அவர் இழுத்தார். தலகாணி வந்து உட்கார்ந்தது. அங்கிள் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் தையல் இழுத்தது, கத்த ஆரம்பித்தார். நர்ஸ் வந்து எங்களைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். சம்பந்தி அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்துகிறது. கோந்து மட்டும், "மெக்கானிசம் சூப்பரா வேலை செஞ்சுது, பாத்தியா?" என்றான்.

இந்த பெங்களூரில் கோந்தைவிட வெட்கம் கெட்டவன் கிடையாது. கடவுள் வெட்கத்தைப் பங்கு வைத்தபோது இவன் எங்கேயோ கத்தரிக்கோல் தேடப் போயிருக்கிறான். அவன் பங்கையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். விவேக் நகரில் ஒரே ரூம், தொம்மலூரில் ஒரே ஆபீஸ், நடுவில் ஒரே பஸ். தப்பிக்க வழியே இல்லை.

ஆள் ஆறடி. ராணிப்பேட்டைக்காரன். தாடியில் எப்போதும் ஏதாவது ஒரு கலரில் காகிதத் துணுக்கு இருக்கும். அவன் நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். ஆபீஸில் டெஸ்டிங் டீம், ரூமிலும் டெஸ்டிங்தான். செய்த அட்டையைத் திறப்பான், மூடுவான், திறப்பான், மூடுவான், காதருகே வைத்துச் சத்தம் கேட்பான். மடிப்பு லேசாகக் கரகரத்தால் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பிறந்தநாளுக்கு மட்டும் செய்தால் பரவாயில்லை. ஒருத்தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் அட்டை. ஆபீஸ் சர்வர் விழுந்து எழுந்தால் அட்டை. தண்ணி லாரி நேரத்துக்கு வந்ததற்கு டிரைவருக்கு ஓர் அட்டை. இழுத்தால் குழாயிலிருந்து நீலக் காகிதம் கொட்டும். அந்த டிரைவர் அதை லாரி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சுற்றினார் என்பது வேறு விஷயம்.

பஸ்ஸில் சும்மா வருவானா? காகிதத்தை நூல் நூலாக வெட்டி வைத்துக்கொண்டு, சுருட்டிச் சுருட்டிப் பூ செய்வான். ஒரு வியாழக்கிழமை, கோயில் கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இவன் சுருட்டும் குச்சி கீழே விழுந்து காணாமல் போய்விட்டது. முன் சீட்டில் இருந்த அம்மாவின் கொண்டையையே பார்த்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, அந்த ஹேர்பின் ஒண்ணு குடுங்கக்கா. ரெண்டு பூ சுத்திட்டுத் தந்துடறேன்."

அடி விழும் என்று ஒதுங்கினேன். அந்த அம்மா கொடுத்தது மட்டுமில்லை, கொண்டை அவிழ அவிழ, "ரோஜா வருமா தம்பி?" என்று தொம்மலூர் வரை திரும்பியே உட்கார்ந்திருந்தார். வெட்கம் எல்லாம் எனக்கு. ரோஜா அந்த அம்மாவுக்கு.

பேப்பரை அவன் காசு கொடுத்து வாங்க மாட்டான். கடைப் பேப்பருக்கு அனுபவம் பத்தாதாம். அவனுக்கு வேண்டியது பழைய கல்யாணப் பத்திரிகை. நல்ல கனம், தங்க ஓரம், மடித்தால் வெடிக்காது. அதற்காக அல்சூரில் முன்பின் தெரியாத ஒரு மண்டபத்துக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு நுழைந்தான். வாசலில் பெண்ணின் அப்பா வேர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"சார், பத்திரிகை ஏதாவது மிச்சம் இருக்குங்களா?"

"ஐயையோ, உங்களுக்குப் பத்திரிகை வரலையா தம்பி? டேய், யார்டா லிஸ்ட் போட்டது! மன்னிச்சுக்கணும். நீங்க பையன் வீட்டுப் பக்கமா?"

"இல்ல சார், விவேக் நகர் பக்கம்."

கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் பந்தியில் உட்காரவைத்தார். வாயில் ஒரு பால்கோவாவைத் திணித்தார். அப்புறம் மேடைக்கே ஏற்றிவிட்டார். யாரோ ஒரு தம்பதியின் ஆல்பத்தில் இன்றைக்கும் நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம். கோந்து அக்குளில் பத்திரிகைக் கட்டோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. நான் தரையில் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்துகொண்டு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரிகை என்றால் தலைமேல் சாமி இருக்கும். அதனால்தானே நம் வீடுகளில் அது குப்பைக்குப் போகாமல், மூலையில் தடவிய மஞ்சளோடு டி.வி.க்குப் பின்னாலேயே கிடக்கிறது? கோந்துக்கும் அந்தப் பயம் உண்டு. வெட்ட உட்காரும்போது முதலில் நகம்வெட்டும் கத்தரியால் பிள்ளையாரைச் சுற்றி வெட்டியெடுப்பான். கண்ணில் ஒற்றிக்கொள்வான். ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போடுவான். பிள்ளையார், முருகர், பெருமாள், வள்ளி தெய்வானை, சர்ச் கல்யாணத்துச் சிலுவை, எல்லாரும் அதற்குள் ஒற்றுமையாக இருந்தார்கள். எங்கள் ரூமில் வாடகை கொடுக்காதவர்கள் அவர்கள்தான்.

"இவங்கள எல்லாம் என்னடா பண்ணப் போற?"

"யோசிக்கணும் மச்சி."

"எவ்ளோ நாளாடா யோசிப்ப?"

"அவங்க ஒண்ணும் அவசரப்படலையே. நீ ஏன் பறக்குற?"

இனி ஹேமா. எங்கள் டீம் லீட். தொம்மலூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். திட்டினால் கன்னடம், மெயில் போட்டால் இங்கிலீஷ், பசித்தால் மட்டும் தமிழ். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு ஹேமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அச்சாகி வீட்டுக்கு வந்த பிறகு நின்றுபோனது. ஒருத்தருக்கும் கொடுப்பதற்கு முன்பே. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் முதல் நாளே கேன்டீனில் என் காதைக் கடித்துவிட்டார்கள்: ஹேமா முன்னால் கல்யாணம் என்ற சொல்லே வரக்கூடாது. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்பவன்கூட 'ஊரில் ஒரு ஃபங்ஷன்' என்றுதான் எழுதுவான்.

அந்த வருடம் முழுக்க கோந்தின் அட்டைகள் ஒரே அரக்குக் கலரில் வந்தன. பட்டுத் துணி மாதிரி பேப்பர், தங்க ஓரம். "எங்கடா புடிச்ச?" என்றால், "ஒரு எடத்துல" என்பான். ஆபீஸில் ஆளாளுக்கு மேஜையில் ஓர் அரக்கு அட்டை நின்றது. எனக்கு யானை, இர்ஃபானுக்கு பிரியாணி அண்டா, மேனேஜருக்கு ஏரோப்ளேன்.

ஹேமாவின் பிறந்தநாளும் வந்தது. நாலு மணிக்கு பான்ட்ரியில் கேக். கோந்துக்கு கிளையன்ட் கால் இருந்ததால் அட்டையை என்னிடம் கொடுத்திருந்தான். "திறக்காத, மூச்சுகூட விடாத" என்ற உத்தரவோடு. மழை ஈரமோ என்னமோ, அட்டையின் முகப்பில் இருந்த தாமரையில் ஓர் இதழ் பசை விட்டு மடங்கிக் கிடந்தது. ஒட்டிவிடலாம் என்று நிமிர்த்தினேன். இதழின் பின்பக்கம் தங்க எழுத்து.

'திருவளர்ச்செல்வி ஹேமல'. அதோடு கத்தரி விழுந்திருந்தது.

எனக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. நின்றுபோன கல்யாணத்தின் பத்திரிகை! அதிலேயே பூ வெட்டி, அந்தப் பெண்ணின் கையிலேயே, அதுவும் பிறந்தநாளன்று, மொத்த ஆபீஸுக்கும் முன்னால் கொடுக்கப் போகிறான் இந்த மடையன். ஹேமா இதைப் பார்த்தால் என்ன ஆகும்?

கண்ணாடி ரூமுக்கு வெளியே நின்று கையை ஆட்டினேன். இதழைக் காட்டினேன். கழுத்தை அறுப்பது போலச் சைகை செய்தேன். கோந்து கிளையன்டிடம் பேசிக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினான். அதற்குள் இர்ஃபான் வந்து, "மச்சா, கையெழுத்து வாங்கணும், குடு இங்க" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஓடிவந்து என் யானையின் காதைத் தூக்கினேன். 'தங்கள் நல்வரவை' என்றது யானை. இர்ஃபானின் அண்டா மூடிக்குக் கீழே மாப்பிள்ளையின் அப்பா பெயர் பாதி இருந்தது. மேனேஜரின் ஏரோப்ளேன் இறக்கைக்கு அடியில் முகூர்த்த நேரம். ஹேமா தினமும் நடந்து போகிற வழியில், மேஜைக்கு மேஜை அவள் கல்யாணம் துண்டு துண்டாக நின்றுகொண்டிருந்தது! ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து அட்டைகளை லாப்டாப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தேன்.

"க்யா மச்சா, என் அண்டாவ எங்க தூக்கிட்டுப் போற?" இர்ஃபான் பின்னாலேயே நின்றான்.

"தூசி தட்ட."

"தூசியா? உன் பெட்ஷீட்டயே நீ தட்டினது இல்லன்னு கோந்து சொல்லிருக்கான்."

நாலு மணி. கேக்கைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். கோந்தும் வந்துவிட்டான். இர்ஃபான் அட்டையை ஹேமாவிடம் கொடுத்தான். அந்தத் தாமரை இதழ் லேசாக ஆடியது. ஹேமா விரலை அதன் பக்கம் கொண்டுபோனாள். நான் பாய்ந்தேன். பிடுங்கத்தான் நினைத்தேன். ஆனால் தோளில் கிடந்த பை முன்னால் வந்து மோத, அட்டையும் என் கையும் முழங்கை வரை கேக்குக்குள் போயின.



"யாக்கோ? ஏன்டா, பைத்தியமா உனக்கு?" என்றாள் ஹேமா.

"கரப்பான் ஹேமா... அட்டை மேல."

ஹேமா கேக்கிலிருந்து அட்டையை எடுத்தாள். டிஷ்யூவால் க்ரீமைத் துடைத்தாள். ஆடிக்கொண்டிருந்த இதழைத் திருப்பிப் பார்த்தாள். இதழை மறுபடி மடித்துவிட்டு, அட்டையைத் திறந்து, காகித நாக்கை இழுத்தாள். உள்ளே ஓர் அட்டைப்பெட்டி எழுந்து நின்று நாலு பக்க மூடியையும் விரித்தது. பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

"முடிஞ்சுதா?" என்று கோந்தைக் கேட்டாள்.

"முடிஞ்சுது ஹேமா. இதான் கடைசிப் பத்திரிகை."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் எங்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் எதுக்கு தரையப் பாக்குறீங்க? என் கல்யாணப் பத்திரிகைதான். கல்யாணம்னு சொன்னா கரண்டு போயிடுமா? ரெண்டு பொட்டி, என் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. சாமி படம் இருக்கு, குப்பைல போடக்கூடாது, எரிக்கக்கூடாதுன்னு எங்கம்மா. தினம் அது மேலதான் படுத்திருந்தேன். இவன்கிட்ட பேப்பர் வேணுமான்னு கேட்டேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. 'சாமிய நான் பாத்துக்கறேன் ஹேமா'ன்னான். அவ்ளோதான்."

அந்த நேரம் பார்த்து என் பையின் ஜிப் பிய்ந்தது. யானை, அண்டா, ஏரோப்ளேன் எல்லாம் தரையில் கொட்டின. நான் பொறுக்கக் குனிந்தேன். "பிடு, விட்டுடு, நானே வைக்கிறேன்" என்றாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். யாரையும் கேட்காமல், எது யாருடைய மேஜை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. யானையை என் மேஜையில் வைத்து, மடங்கியிருந்த காதை நிமிர்த்திவிட்டுப் போனாள். என் சட்டைக் கையிலிருந்து க்ரீம் சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"என்கிட்ட மட்டும் ஏன்டா சொல்லல? ஒரே ரூம்லதான இருக்கோம்?"

கோந்து காகிதத்தைச் சுருட்டுவதை நிறுத்தினான். ஜன்னலைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். தாடியைச் சொறிந்தான்.

"ஹேமா வேணாம்னாங்க மச்சி. உன்கிட்ட சொன்னா... மைக் வெச்சு சொன்ன மாதிரின்னு. அவங்கதான் சொன்னாங்க. நான் சொல்லல."

அவன் காது சிவந்திருந்தது. மூல ஆபரேஷன் வார்டில் சிவக்காத காது, முன்பின் தெரியாதவர் கல்யாண மேடையில் சிவக்காத காது. முதல்முறையாக கோந்து வெட்கப்பட்டான். எனக்காக.

அப்புறம் அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்றைக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, பிஸ்கட் டப்பாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பஸ்ல யார் காலாவது படும்டா. நீ வச்சுக்கோ."

"நானா? நான் என்னடா பண்றது இவங்கள?"

"யோசி. அவங்க அவசரப்பட மாட்டாங்க."

முதலில் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்து, கப்போர்டுக்கு மேலே, சூட்கேஸுக்கும் மேலே தூக்கி வைத்தேன். புது ரூம்மேட் எட்டிப் பார்த்து, "என்ன ப்ரோ, பிஸ்கட்டா?" என்றான். "கை வைக்காத, ஆளுங்க இருக்காங்க" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான். முன்பெல்லாம் அதை கோந்தின் பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்வேன்.

போன வாரம் ஊரிலிருந்து அத்தை மகன் கல்யாணப் பத்திரிகை வந்தது. பிள்ளையாரை வெட்டியெடுத்து உள்ளே போட்டேன். இப்போது டப்பா மூட மாட்டேன் என்கிறது.