‘தாங்கும்’ என்று சொன்ன இன்ஜினியர்

ஷுப்ரா, கெய்ரோ

பாசத்தில் தாயும் கோபத்தில் தகப்பனுமான என் தங்கை நவாலுக்கு, உன் ஒரே அண்ணன் ஷாபான் மிகுந்த பிரியத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் புறாக்களும் சௌக்கியம். அங்கே குவைத்தில் நீயும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளும் சௌக்கியமாக இருக்க ஐந்து வேளையும் ஆண்டவனிடம் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து வேளை என்று எழுதுவது மரியாதைக்கு. மினிபஸ் ஓட்டுகிறவனுக்கு எத்தனை வேளை வாய்க்கிறதோ அத்தனை வேளை.

போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய் என்பதால் கடிதமாக எழுதி, விடுமுறை முடிந்து திரும்பும் உன் சிநேகிதி கையில் கொடுத்தனுப்புகிறேன். முதல் விஷயம், நீ விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். “இந்தப் பரீட்சையும் எழுதலேன்னா நாதிர் பேரைக் கல்லூரியிலேர்ந்து வெட்டிடுவாங்க, வெட்டினா மறுநாளே பட்டாளத்துக்குக் கூப்பிட்டுடுவாங்க, அதுக்குள்ள நான் வேலையை விட்டுட்டு வந்து அவன் காதைத் திருகுறேன்” என்று அழுதாயே, அந்த அழுகைக்கு இனி அவசியம் இல்லை. உன் மகன் தினமும் கல்லூரிக்குப் போகிறான். போக வைத்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன். தற்பெருமை நமக்கு ஆகாது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே சொல்.

நம் தெருவின் பழக்கம் உனக்குத் தெரியாததா? பையன் கட்டடப் படிப்பில் சேர்ந்த அன்றே அவன் இன்ஜினியர். புத்தகம் வாங்குவதற்கு முன்னாலேயே நான் தகரத்தில் ‘இன்ஜினியர் நாதிர்’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதி உன் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து காபிக் கடையில் அவனுக்கு மட்டும் முதுகு உடையாத நாற்காலி. முடிவெட்டுகிறவன் வரிசையை விலக்கி அவனை உட்கார வைப்பான். இரண்டாம் மாடி உம்மு கரீமா துணி துவைக்கும் இயந்திரத்தை அவனிடம்தான் காட்டுவாள். “இன்ஜினியரய்யா, சுத்தும்போது ஒட்டகம் மாதிரி நடந்து வாசல் வரைக்கும் வந்துடுது, ஏன்னு பாருங்க” என்பாள். அவனும் பார்ப்பான். பார்ப்பதோடு சரி. பெண் தர மூன்று வீட்டார் வந்தார்கள். ஐந்து என்று நான் வெளியே சொல்லியிருக்கிறேன், நீயும் ஐந்து என்றே சொல்.

இப்படி இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் பாதியில் ஒரு நாள் பையன் சோபாவில் படுத்தான், எழுந்திருக்கவே இல்லை. நான் போய், “ஏன்டா இன்ஜினியர், கல்லூரி இல்லையா?” என்றேன். உன் மகன் என்ன சொன்னான் தெரியுமா? “படிச்சு முடிச்சா என்ன ஆவேன் மாமா?” என்றான். “இன்ஜினியர் ஆவேடா.” “இப்ப என்னவா இருக்கேன்?” நவால், நான் எத்தனையோ போக்குவரத்துப் போலீஸ்காரர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், இந்தக் கேள்வியை அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே பொரித்த ஈரல் ரொட்டி வாங்கி வந்து கொடுத்தேன். தின்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அறிவுரை, மிரட்டல், வண்டியின் ஹாரன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஹாரனுக்குப் பக்கத்துத் தெருவே எழுந்து வந்தது, இவன் எழவில்லை. நான் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன்தான், ஆனால் அது ஊக்கம் குறைந்து நிறுத்தியதில்லை, வாத்தியாருக்கு என்னைக் கண்டு பயம் வந்து நிறுத்தியது.

அப்போதுதான் நான் மகா ஆழமான ஒரு யுக்தி செய்தேன். நம் கட்டடத்தின் மேல் நாதிர் கல்யாணத்துக்காக ஐந்தாவது மாடி எழுப்பச் சொல்லி நீ என்னிடம் சொல்லியிருந்தாய் அல்லவா? நான்காவது மாடி யார் கட்டியது என்பது ஷுப்ராவுக்கே தெரியும். எந்த இன்ஜினியரும் இல்லாமல் நானே கம்பி வளைத்து, நானே கலவை போட்டு, மேலே புறாக்கூண்டும் வைத்து, பன்னிரண்டு வருஷமாக அதில் ராஜா மாதிரி இருக்கிறேன். சோபாப் பக்கம் போய், “இன்ஜினியர், இன்னொரு மாடி தாங்குமா?” என்றேன். கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை எடுக்காமல், “தாங்கும் மாமா, தாங்கும்” என்றான். அவ்வளவுதான். நான் காபிக் கடைக்குப் போய் நாற்காலி மேல் ஏறி நின்று, “இன்ஜினியர் உத்தரவு கொடுத்துட்டாரு!” என்று அறிவித்தேன். அந்த வாரமே செங்கல் வந்து இறங்கியது. மேஸ்திரி ஃபத்தியும் வந்தான்.

ஃபத்தி நேராக சோபாவுக்கு வந்து தொப்பியைக் கழற்றினான். “இன்ஜினியரய்யா, தூணுக்குக் கம்பி எத்தனை, என்ன பருமன்? நீங்க சொல்லுங்க, நான் வெட்டுறேன்.”

பையன் உட்கார்ந்தான். வாரக்கணக்கில் முதல் தடவை அவன் முதுகு நேராக இருந்ததைப் பார்த்தேன். “எந்தத் தூணுக்கு?” என்றான்.

“அன்னைக்கு நீங்க தாங்கும்னீங்களே, அதுக்குத்தான்.”

“நான் சும்மா சொன்னேன்.”

“இன்ஜினியர் எப்படிய்யா சும்மா சொல்வாரு?” என்றான் ஃபத்தி. கேலி இல்லை, அந்த முட்டாள் நிஜமாகவே கேட்டான்.

அந்த நேரம் பார்த்து உம்மு கரீமா தட்டு நிறைய பஸ்பூசா இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். “மாடி ஏத்துறாங்கன்னதும் எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. நம்ம இன்ஜினியரே பார்த்துச் சொல்லிட்டாருன்னாங்க, சரின்னு பிள்ளைங்களைத் தூங்க வச்சுட்டு நானும் தூங்கினேன். சாப்பிடுங்கய்யா” என்றாள். பையன் ஒரு துண்டை ஓரத்தில் கடித்தான். மீதியைத் தட்டிலேயே திருப்பி வைத்தான். இனிப்பு அதிகமோ என்று நான் தின்று பார்த்தேன், அருமையாக இருந்தது. தட்டைக் காலி செய்துதான் கொடுத்தேன்.

அவன் செருப்பு கூடப் போடாமல் கீழே இறங்கிப்போய் வாசல் தூணை விரலால் தட்டினான். சுண்ணாம்பு ஒரு ரொட்டி அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. “அந்தப் பாடம் நடத்தும்போதுதான் மாமா நான் போறதை நிறுத்தினேன்” என்றான். “எந்தப் பாடம்டா?” “தாங்குமா தாங்காதாங்கிற பாடம்.” பிறகு ஃபத்தியிடம், தான் சொல்லாமல் ஒரு செங்கல் கூட மேலே போகக் கூடாது என்று கத்தினான். முதல் தடவையாக இன்ஜினியர் மாதிரியே இருந்தான்.

மறுநாள் காலை சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். சும்மா விடுவேனா? வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வண்டி நிறைய ஆட்கள், எல்லோரும் ரம்சீஸ் ரயில் நிலையம் போக வேண்டியவர்கள். நான் கல்லூரிப் பக்கம் திருப்பியதும், “ஏய், எங்கேய்யா போற?” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். “ஒரு இன்ஜினியரைப் படிக்க வைக்கப் போறோம் ஹாஜி, நன்மை எல்லாருக்கும் பங்கு!” என்றேன். “என் பங்கை நீயே வச்சுக்க, என்னை இறக்கி விடு!” என்றார். இறக்கிவிடவில்லை. எல்லோரும் கல்லூரி வாசல் வரை வந்து பார்த்தார்கள்.

வாசலில் காவலாளி, “யாருப்பா நீ?” என்றான். உன் மகன், நவால், வெட்கம் கெட்டுப்போய், “மாணவன்” என்றான். வண்டியிலிருந்தே, “இன்ஜினியர்னு சொல்லுடா!” என்று நான் கத்தினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து போய்வருகிறான். விட்ட பாடத்தை எல்லாம் உட்கார்ந்து எழுதுகிறான். சோபாவில் இப்போது புத்தகம்தான் படுத்திருக்கிறது. பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. வாத்தியார் ஒருவரையும் கூட்டாளிகள் நாலு பேரையும் அழைத்து வந்தான், அவர்கள் ஒரு சின்ன சுத்தியல் மாதிரிக் கருவியால் நம் தூண்களைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள். நான் அவர்களுக்குக் கொஷரிச் சோறு வாங்கிப் போட்டு, நான்காவது மாடியை எப்படிக் கட்டினேன் என்று விளக்கினேன். வாத்தியார் பிரமித்துப்போய்ப் பேச்சே எழாமல் உட்கார்ந்துவிட்டார். இப்போது தெரிகிறதா, செங்கல் வாங்கியது மாடி கட்ட இல்லை, பையனைக் கட்டி இழுக்க. எல்லாம் என் யுக்தி. ஒரே ஒரு குறை. பையன் என் தகரப் பலகையைக் கழற்றிப் பச்சைப் பெயிண்டைச் சுரண்டி, ‘நாதிர், மூன்றாம் ஆண்டு மாணவன்’ என்று எழுதி மாட்டியிருக்கிறான். தெருவில் தலைகாட்ட முடியவில்லை. போனில் நீ கொஞ்சம் சொல்லு.

மற்றபடி கவலைப்படாதே, வராதே, உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மேலதிகாரியும் தரட்டும். தெருவில் உள்ள அனைவரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள், சொல்லாதவர்கள் சார்பிலும் நானே சொல்கிறேன்.

உன் அண்ணன்,
ஷாபான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், பிரித்து எழுதுகிறேன். நாதிர் கடிதத்தைப் படித்துவிட்டு, “மத்ததெல்லாம் உங்க இஷ்டம் மாமா, இதை மட்டும் எழுதிடுங்க” என்று பக்கத்தில் நிற்கிறான். தூண் கணக்கு முடிந்துவிட்டதாம். ஐந்தாவது மாடி தாங்காது. அது பரவாயில்லை, நான்காவதே தாங்காதாம். இத்தனை நாள் நின்றது எதனால் என்று வாத்தியாருக்கே புரியவில்லையாம். அன்றைக்கு அவருக்குப் பேச்சு எழாததற்குக் காரணம் இதுதானாம். நாளை ஃபத்தி வந்து என் மாடியை இடிக்கிறான். செங்கல்லை நான் நிஜமாகவே மாடி கட்டத்தான் வாங்கினேன், யுக்தி என்பது எழுதும்போது வந்தது. நானும் மூட்டையும் நேற்றே உன் வீட்டுக்கு இறங்கிவிட்டோம். புறாக்கள் உன் சமையலறையில் இருக்கின்றன, உன் நல்ல பாத்திரங்களை அவற்றுக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே சீட்டு எடுக்காதே என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. எடு. பரீட்சை முடியட்டும், அப்புறம் வா. இப்போது வந்தால் அவன் படிப்பு கெடும். உம்மு கரீமா சற்று முன்னால்கூட அந்த இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, “இன்ஜினியரய்யா இருக்காரா?” என்று கதவைத் தட்டினாள். நான்தான் போய்த் திறந்தேன். “இல்லம்மா, இங்க ஒரு மாணவன்தான் இருக்கான், படிச்சுக்கிட்டு இருக்கான், அப்புறம் வா” என்று சொல்லிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டேன்.