பின்மூலைச் சூடு

உலையின் வட்டக் கண்ணாடியில் வைத்த கண்ணை, அதை ஓட்டுகிற லார்ஸ் எடுக்கவேயில்லை. உலைக்குள் எல்லா இடமும் மங்கலான ஊதா நிறத்தில் இருக்க, பின்மூலை மட்டும் அடுப்புத் தணல் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் அங்கே மட்டும்?" என்றான்.

"தெரியாது," என்றாள் தவமணி. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டெனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் அந்தத் தொழிற்சாலையின் உலையில் இயந்திரங்களுக்கான பற்சில்லுகளை அடுக்குவது அவள் வேலை. அடுக்கி, மணி மாதிரி இருக்கும் இரும்பு மூடியை இறக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, வாயுவையும் மின்சாரத்தையும் விட்டால், பிளாஸ்மா என்கிற ஊதா வெளிச்சம் சில்லுகளைப் போர்வையாய் மூடும். அதில் வெந்த இரும்பின் தோல் இலேசில் தேயாது. பார்த்துப் பார்த்து அவளுக்கும் ஓர் ஆசை வந்துவிட்டது. வீட்டில் இடியப்ப உரலின் துளைத் தட்டு தேய்ந்து, இடியப்பம் கயிறு கயிறாக விழத் தொடங்கியிருந்தது. இரும்பில் புதுத் தட்டு ஒன்று வெட்டுவித்தாள். நேற்று வேலை முடிகிற நேரம், அதைப் பின்மூலையில் பெரிய சில்லுகளின் மறைவில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்தாள். இன்று காலை லார்ஸ் வந்துதான் மூடியை இறக்கினான். சின்னத் துளைகளுக்குள் அந்த வெளிச்சம் அடைபட்டால் இரும்பு தணலாகும் என்பது கண்ணாடிக்குள் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

உலைக்குள் வெளிச் சாமான் வைத்தால் வேலை போகும். போன கோடையில் தன் மோட்டார் சைக்கிள் சங்கிலியை வைத்த ஒருவனை மனேஜர் பிர்கிட்ட அன்றைக்கே அனுப்பிவிட்டாள்.

வாயு அந்தப் பக்கம் ஒழுங்காய்ப் போகவில்லை என்று லார்ஸ் வாயுவைக் கூட்டினான். மூலை இன்னும் பிரகாசித்தது. பதற்றத்தில் தவமணி, சூடு அளக்கிற கம்பிதான் பிழையாக்கும் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். பாவி அதையும் நம்பி, மற்றப் பக்கத்துக் கம்பியின் கணக்கில் உலையை ஓடவிட்டான். மற்றப் பக்கம் சூடு குறைந்து கிடந்ததால் உலை இன்னும் மின்சாரத்தை இழுத்தது. மூலை செம்மஞ்சளாகியது. மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்துப் பார்த்தான். உள்ளே மின்னல் வெட்டியது. அபாயமணி அலறியது. கடைசியில் உலையை நிறுத்தி ஆறவிட்டான்.

இதற்குள் பிர்கிட்ட இடைக்கிடை வந்துபோனாள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான்: திறந்தாச்சா? கேட்கும்போது அவள் தவமணியின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"அவவுக்கு விசயம் மணந்திட்டுது, பிள்ளை," என்றாள் தவமணி, சாப்பாட்டறையில் மேரிகிறேஸிடம். பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிற மேரிகிறேஸுக்கு மட்டும்தான் தட்டுச் சங்கதி தெரியும்.

"இடியப்பத்துக்காக வேலையைக் குடுத்த முதல் ஆள் நீங்களாத்தான் இருப்பியள், அக்கா."

"பகிடியை விடு. இப்ப நான் என்ன செய்யிறது?"

"வாயைத் திறக்காதேங்கோ. சாமான் இறக்கிறது நீங்கள்தானே. கையோட எடுத்து மேலங்கிக்குள்ள வையுங்கோ."

"சூட்டோடையோ?"

ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் திரும்பி வந்தாள். லார்ஸ் உலையடியில் குந்தியிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் கொண்டுவந்த கறுத்தப் பாண் சுற்றிய தாளோடு அப்படியே கிடந்தது. போன மாதம் இந்த உலையைப் பிரித்துப் பூட்டியது தான்தான், பிழை தன்னுடையது, பிர்கிட்டவிடம் சொல்லிவிட்டு இன்றோடு வேலையை விட்டு நின்றுகொள்ளப் போவதாகச் சொன்னான். பிறகு, வருகிற புது ஆளுக்கு உலையின் குணத்தை நீதான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டுக்கொண்டான்.



அந்த நேரம் பார்த்து பிர்கிட்ட வந்தாள். "திறந்தாச்சா?"

"லார்ஸில பிழையில்லை," என்று தொடங்கினாள் தவமணி. தெரிந்த டெனிஷ் எல்லாவற்றையும் கூட்டி, தட்டு, துளை, பின்மூலை, இடியப்பம் என்று ஒன்றும் விடாமல் கொட்டி முடித்துவிட்டு, கையுறைகளைக் கழற்றி நீட்டினாள்.

பிர்கிட்ட அவற்றை வாங்கவில்லை. இடியப்பம் என்றால் என்னவென்றும் கேட்கவில்லை. கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோய், தவமணியின் கையைப் பிடித்து வாயுச் சிலிண்டர்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"நேற்று உம்மட தட்டைக் கண்டாப்பிறகுதான் எனக்கும் அந்த யோசனை வந்தது, தவமணி. அதுக்கு மேல கவிட்டு வைச்ச என்ர கிறிஸ்மஸ் பலகாரக் குழிச்சட்டி உருகியிருக்குமோ?"