ரென்ஸ்காவின் பிறந்தநாளும் நான்கு சென்டிமீட்டரும்

லேவார்டன்,
மே 19.

மதிப்பிற்குரிய மச்சான் மெய்ன்டெர்ட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ரென்ஸ்காவின் கணவன் கெர்பன் எழுதுவது. இங்கே நானும் அவளும் எங்கள் படகுவீடும் சுகம். அங்கே நீங்களும், உங்களோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர் பாடுகிற அந்தக் குழுவும் நலமா? உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஜெயித்துவிட்டேன் மச்சான்! பாலத்தைத் தாண்டிவிட்டோம். கண்ணாடிக் கூண்டில் ஒரு கீறல்கூட இல்லை.

படகின் அடித்தகட்டைச் சோதிக்கப் பட்டறைக்குப் போக வேண்டும், ஆனால் வழியிலுள்ள பாலம் எங்கள் கூரைமேல் இருக்கும் கூண்டைவிட மூன்று சென்டிமீட்டர் தாழ்வு என்றதும் போனில் என்ன சொன்னீர்கள்? "கூண்ட அறுத்து எறிங்க மாப்ளே. உங்கள மாதிரித் தபால்காரருக்குத் தண்ணிக் கணக்கு எதுக்கு?" படகு இங்கே வந்து நின்ற பிறகு அவளுக்காக நான் கட்டிய கூண்டு அது. அதன் வெளிச்சத்தில்தான் தினமும் படம் வரைகிறாள். அன்று அதன் கீழேயே உட்கார்ந்து அழுதாள்.

நீங்கள் இங்கே விட்டுப்போன உங்கள் பழைய நீரியல் பாடப்புத்தகத்தையே எடுத்தேன். ஆழம் இரண்டு மடங்கானால் அழுத்தமும் இரண்டு மடங்கு, அதனால் மதகுக் கதவைத் தண்ணீர் மேலே மெல்லவும் கீழே முரட்டுத்தனமாகவும் தள்ளும் என்பதையெல்லாம் நான்கு நாளில் கடந்து மிதப்பு அத்தியாயத்துக்கு வந்தேன். தன் எடை எவ்வளவோ அவ்வளவு தண்ணீரைப் படகு விலக்கும். எங்கள் படகு பதினெட்டு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், நேரான பெட்டி. ஒரு சென்டிமீட்டர் அமிழத் தொள்ளாயிரம் கிலோ வேண்டும். உரசாமல் போக நான்கு சென்டிமீட்டர் என்றால் மூவாயிரத்து அறுநூறு. ஆளுக்கு எண்பது கிலோ என்றால் நாற்பத்தைந்து பேர். மணல் மூட்டையை நான் தூக்க வேண்டும், விருந்தாளி தானே நடந்து வருவார்.

"அடியில தண்ணிய ஊத்துங்க, போதும்" என்றும் சொன்னீர்கள். கட்டில்லாத தண்ணீர் சாய்கிற பக்கமே ஓடி இன்னும் சாய்த்துவிடும், மச்சான். என் படகுக்குள் ஒரு சொட்டு நுழைய விடமாட்டேன் என்று சபதமே செய்தேன்.

பதினேழாம் தேதி ரென்ஸ்காவின் பிறந்தநாள். நம் வழக்கப்படி நாற்காலிகளைச் சுவரோரம் வட்டமாகப் போட்டேன், எடை எல்லாப் பக்கமும் சமம். நாற்பத்தைந்தாவது ஆள் மற்ற எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்தி உட்கார்வதற்குள் காபி ஆறிவிட்டது. பட்டறையிலிருந்து திரும்பிப் போக வேண்டுமே என்று அத்தனை பேரும் சைக்கிளையும் ஏற்றிவிட்டார்கள். நான் கணக்கில் சேர்க்காத தொள்ளாயிரம் கிலோ, இன்னொரு சென்டிமீட்டர்!

இழுவைப்படகுக்காரன் சீபெ எங்களை இழுத்துக்கொண்டு பாலத்தை நெருங்குகிறான், சரியாக அப்போதுதான் இடதுபக்கச் சமையலறையிலிருந்து கேக் வந்தது. ட்ரீன்யா அத்தை எழுந்தார், அவர் பின்னால் வலதுபக்க வரிசை முழுவதும் எழுந்தது. படகு சாய்ந்து, கூண்டின் வலது ஓரம் மேலே கிளம்பியது.

"உக்காருங்க! எந்திரிச்சவங்களுக்கு ரெண்டாவது துண்டு கிடையாது!" என்று கத்தினேன்.

"மொத துண்டே இன்னும் வரலையேப்பா!" என்றார் அத்தை. ஆனாலும் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

பாலத்தின் ஒவ்வொரு ஆணியும் தலைக்குமேல் நகர்வதை ரென்ஸ்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் தொங்கிய சிலந்தி வலை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது, அவ்வளவுதான் சேதம். நாற்பத்தைந்து பேர் முன்னால் எனக்கு முத்தம் கொடுத்து, "இத எங்க அண்ணனுக்கு எழுதுங்க, ஒண்ணு விடாம எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

உங்கள் பாடப்புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி எனக்கு அது தேவையில்லை. உங்களுக்கு ஆயுளும் அடக்கமும் பெருக வேண்டும் என்று வாழ்த்தும்,

மாப்பிள்ளை கெர்பன்

பின்குறிப்பு: புத்தகத்தை அனுப்பவில்லை. இன்று பட்டறையில் படகின் தரையைத் திறந்தார்கள். எத்தனை வருடமாகவோ கசிந்து சேர்ந்த தண்ணீர், இரண்டாயிரத்து எழுநூறு கிலோ, உள்ளேயே கிடந்திருக்கிறது. இறைத்துவிட்டு ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். படகு இப்போது மூன்று சென்டிமீட்டர் உயர்ந்து மிதக்கிறது. வீடு திரும்ப அதே பாலம்தான். பழைய நாற்பத்தைந்து பேரும் வந்தாலும் இன்னும் பதினெட்டுப் பேர் வேண்டும், சைக்கிளோடு. உங்கள் குழுவை அழைத்து வாருங்கள் மச்சான், ஆளுக்கு இரண்டு துண்டு கேக் நிச்சயம். உங்கள் முழங்கால் எனக்குத் தெரியும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாலும் எடை அதேதான்.