காக்கா சொல்தாவும் கருடனும்

நாலாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். மில்லில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டேன். மில் மூடியதும் உழவர்கரையில் இட்லிக் கடை வைத்தேன். அது ஓட்டலாகி, மேலே மூன்று மாடி லாட்ஜும் எழுந்தது. பக்கத்து அம்மன் கோயில் கோபுரமும் என் கைக்காசில் கட்டியதுதான். இதற்கெல்லாம் நான் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

புதுச்சேரியிலேயே காக்காய்க்கு சலாம் வைத்த ஒரே மனிதர், எதிர்வீட்டு காக்கா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அதாவது சொல்தாவாக, இருந்த பென்ஷன்காரர். தினமும் காலை எட்டுக்கு மாடியில் விசில் ஊதுவார். தெருக் காக்காய் மொத்தமும் வந்து இறங்கும். “போன்ழூர் முசியே” என்று காக்காய்களுக்கு பிரெஞ்சில் ‘வணக்கம் ஐயா’ சொல்லி ரொட்டியைப் பிய்த்துப் போடுவார். கருடன் வந்தால் மட்டும் குடையைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார்.

“பாவம்ணே. பெருமாள் வாகனம்” என்பேன்.

“இன்னா வாகனம்? மார்க்கெட்ல மீன் கொடல் பொறுக்குறான். செவப்பா இருக்கான்னு கன்னத்துல போட்டுக்குறீங்க. தெருவ சுத்தம் பண்றவன கறுப்பா இருக்கான்னு சூசூன்னு வெரட்டுறீங்க. அமாவாசைக்கு மட்டும் சோத்த வச்சிக்கினு கெஞ்சுறீங்க.”

கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் வந்தது. குருக்கள் குடத்தோடு உச்சியில் நிற்கிறார். கருடன் வட்டமிட்டால்தான் நீர் ஊற்றுவாராம். எட்டிப் பார்த்த ஒரு கருடனையும் காக்காய்கள் துரத்திவிட்டன. நல்ல நேரம் முடியக் கால் மணிதான் பாக்கி.

“கட்டுனவன் கை ராசி அப்பிடி” என்றான் என் பங்காளி, ஊருக்கே கேட்கும்படி.

சொல்தா என் பக்கத்தில் வந்தார். கையில் இருந்த பையில் மீன் வாடை.

“லாட்ஜு மொட்டமாடி சாவி குடு.”

“எதுக்குண்ணே?”

“குடுய்யா.”

போனார், இறங்கி வந்தார், தன் வீட்டு மாடிக்கு ஏறினார். விசில் கேட்டது. கோபுரத்துக் காக்காயெல்லாம் ரொட்டிக்குப் பறந்தன. காலியான வானத்தில் ஒரு கருடன் வந்தது, இன்னொன்றும் வந்தது. லாட்ஜ் மாடி மீனைக் குறிவைத்து இரண்டும் வட்டம் போட்டன. குடம் கவிழ்ந்தது. பங்காளிதான் எல்லோரையும் விட பலமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் கேட்டேன்: “கருடன் ஒங்களுக்கு ஆகாதேண்ணே?”

“ஒன்ன ராசியில்லாதவன்னு சொன்னா எங்க முசியேங்களுக்குப் பொறுக்காதுய்யா.”

சொல்தா போய் ஒரு வருஷம் ஆகிறது. விசில் என்னிடம் இருக்கிறது. காலை எட்டுக்கு நான்தான் ஊதுகிறேன்.

கோயில் கல்வெட்டில், கருடன் தானாக வந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டும். முதல் வரியில் காக்கா சொல்தா பெயர். அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தானாலும் சரி, மொட்டைமாடி உபயம் என்று என் பெயர்.