வால்வுச் சாவியும் தாய்மாமன் சீரும்

பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால், காலை அங்கே வைத்திருந்ததற்காக நான்தான் ஸாரி சொல்வேன். (வழிவிடச் சொல்லக் கூச்சப்பட்டு, லிங்கராஜபுரத்தில் இறங்க வேண்டியவன் இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி நடந்து வந்த நாட்களும் உண்டு.) படித்தது பத்தாம் வகுப்பு. பெங்களூர் காக்ஸ் டவுனில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடையில் வேலை. கண்ணாடி வெட்டும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் எனக்கு அது பிடித்த தொழில். அப்படிப்பட்டவன் கையில் ஒருநாள் ஒரு ஊரின் தண்ணீரையே ஒப்படைத்தார்கள்.

என் தங்கை விஜயாவை, கோலார் மாவட்டத்தில் பங்காருபேட்டையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் ரவிதான் அந்த ஊர் வாட்டர்மேன். போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிட வேண்டும். மொத்தம் ஐந்து தெரு, தெருவுக்கு அரை மணி நேரம்.

தங்கை மகள் நந்தினிக்கு ஒரு வயது முடிந்ததும் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம், அங்கே தண்ணீர் கஷ்டம் இருக்காது என்றார் தங்கையின் மாமியார். தங்கை கேட்கவில்லை. வீட்டுக்குக் குழாய் வந்து, புதிதாகக் கக்கூஸும் கட்டி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"நூறு பேர் வந்தாலும் எங்க வீட்ல தண்ணி இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

மாமியார் அந்தக் கக்கூஸை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இவ்வளவு காடு கிடக்க, வீட்டுக்குள் எதற்கு என்பது அவர் கட்சி. "பாக்கத்தானே போறேன்" என்றார். விசேஷம் குழந்தைக்கு என்றாலும் பரீட்சை தங்கைக்குத்தான்.

அன்று காலை ஆறு மணிக்கு, சமையல்காரரையும் மேளக்காரர்களையும் கூட்டிவர ரவி பங்காருபேட்டை போக வேண்டியிருந்தது. தண்ணீர் விடும் நாளும் அன்றுதான். வால்வைத் திறக்கும், இடுப்பு உயரமுள்ள இரும்புச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஊர்ல யார்கிட்ட குடுத்தாலும் அவன் தெருவுக்கு ஜாஸ்தி விட்டுக்குவான் மச்சான். உங்களுக்குத்தான் இங்க தெருவே இல்ல."

அப்படியானால் நம் தெருவை முதலில் திறந்துவிடுகிறேனே என்றேன். வாட்டர்மேன் வீட்டுக்கா முதல் தண்ணி என்று பேசுவார்கள், நம் தெரு எப்போதுமே ஐந்தாவதுதான் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, தொட்டியில் இருப்பது சரியாக இரண்டரை மணி நேரத்துக்குத்தான், மோட்டார் போட மத்தியானம்தான் கரன்ட் வரும், யார் கெஞ்சினாலும் அரை மணிக்கு மேல் விடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம்.)

முதல் தெருவில் அரை மணி முடிந்து சாவியைத் திருப்பப் போனேன். "ஸ்வல்ப இருங்கண்ணா, ரெண்டே நிமிஷம், ஒரே ஒரு டிரம்தான் பாக்கி" என்றாள் ஒரு பெண். ஒரு டிரம்தானே என்று இருந்தேன். பக்கத்து வீட்டிலும் ஒரே ஒரு டிரம்தான் பாக்கி இருந்தது. அதற்குப் பக்கத்து வீட்டிலும்.

இரண்டாவது தெருவில் ஒரு பெரியவர் எருமையைப் பாதி கழுவியிருந்தார். பாதி எருமையோடு அவரை எப்படி விட்டுவிட்டு வருவது? மூன்றாவது தெருவில் ஒரு பெண் தலையெல்லாம் சீயக்காயோடு வெளியே ஓடி வந்து, கண்ணைத் திறக்க முடியாமல், நான் என்று நினைத்து வேறு யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் சுற்றிக்கொண்டு அவள் எதிரில் போய் நின்று, சரி என்றேன். நான்காவது தெருவில் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். அந்த ஊரில் வாட்டர்மேனுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. காபியைக் குடித்துக்கொண்டே வால்வை மூடுவது மரியாதையாகப் படவில்லை.

ஐந்தாவது தெருவில் சாவியைத் திருப்பிவிட்டு வீட்டுக்குள் போனேன். தங்கை குழாய்க்குப் பொட்டு வைத்திருந்தாள். அது இரண்டு முறை இருமியது. அவ்வளவுதான்.

முந்தின முறை பிடித்து வைத்ததையெல்லாம் உறவினர்கள் குளித்தே தீர்த்திருந்தார்கள். கடைசிச் சொம்புத் தண்ணீரில் தலையை நனைத்துப் பாதி மொட்டை போட்டிருந்த நாவிதர், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பாதி மொட்டையோடு நந்தினியும் பார்த்தாள். அப்போது கக்கூஸுக்குள்ளிருந்து மாமியார் குரல் வந்தது. வந்திருந்தவர்கள் முன்னால் காட்டுப் பக்கம் போகக் கூச்சப்பட்டு, அன்றைக்கென்று பார்த்து முதல்முறையாக உள்ளே போயிருக்கிறார்.

"விஜயா, குழாய்ல காத்துதான் வருது."

தங்கை என்னைத் திட்டவில்லை. எத்தனை நிமிஷம் விட்டாய் என்று மட்டும் கேட்டாள். அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

பந்திக்காக வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கக்கூஸ் கதவைத் தட்டினேன். கதவு கேன் நுழையும் அளவுக்குத் திறந்தது.

"குடிக்கிற தண்ணியா?"

"ஆமாங்க அத்தை."

"சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?"

"ஆமாங்க அத்தை."

கேன் உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

ஒரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு நான்காவது தெருவுக்குப் போனேன். காபி கொடுத்த வீட்டு வாசலில் நின்றேன். தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. சும்மா நின்றேன். அந்த அம்மாள் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அய்யோ, விசேஷ வீட்டுக்கே இல்லையா?" என்று உள்ளே ஓடினார். செய்தி மற்ற மூன்று தெருவுக்கும் போக எவ்வளவு நேரம் ஆயிற்றென்று கேட்டால், ரெண்டே நிமிஷம்.

ரவியின் வண்டி ஊருக்குள் வந்தபோது, முன்னால் தோளில் குடத்தோடு நானும், பின்னால் இடுப்பில் குடத்தோடு முப்பது பெண்களும், கடைசியாக இரண்டு வாளிகளோடு எருமைக்காரப் பெரியவரும் வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். மேளக்காரர்கள் இது தாய்மாமன் சீர் வரிசை என்று நினைத்து, வண்டியிலிருந்து குதித்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்தச் சொல்ல எனக்குக் கூச்சம். மேளம் முழங்க, ஐந்தாவது தெருவுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நந்தினிக்கு மீதி மொட்டையும் நடந்தது. என் மடியில் உட்கார்த்திக் காது குத்தியபோது, நியாயமாகவே, என்னைத்தான் கடித்தாள்.

நான் பெங்களூரிலிருந்து வாங்கிப் போன பட்டுப் பாவாடையும் வெள்ளிக் கொலுசும் இன்று யாருக்கும் நினைவில்லை. நான்கு தெருக்காரர்களும், உங்கள் மச்சான் மறுபடி எப்போது வருவார் என்று ரவியை இன்னமும் கேட்கிறார்களாம். நான் போனால் அவர் சாவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். மாமியார் இப்போது காட்டுப் பக்கமே போவதில்லை.

நந்தினி பள்ளிக்கூடம் போகிறாள். போன முறை நான் போயிருந்தபோது, அவள் பெரியவளானால் என்ன சீர் செய்வது என்று பேச்சு வந்தது. மாமியார் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"பட்டு, பவுன் ஒண்ணும் வேணாம்பா. குடம் மட்டும் முப்பதுக்குக் குறையக் கூடாது."

நான் தலையாட்டினேன்.