இடைவேளைக்குப் பிறகு

இந்த மலைநாட்டில் இடைவேளை அண்ணனைப் போல அத்தனை படம் பார்த்தவரும் கிடையாது, ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்க்காதவரும் கிடையாது. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை மத்தியானத்தோடு முடிந்ததும் குளித்து, முகத்துக்குப் பவுடர் பூசி, குடையோடு ஹட்டனுக்கு பஸ் ஏறிவிடுவார். மெட்னி ஷோ. இடைவேளை மணி அடித்ததும் ஆள் வெளியே.

“இதுக்கு மேல படத்துல ஒண்ணுமில்ல” என்பார். தியேட்டரில் டிக்கட் கொடுப்பவர், “அண்ணே, ஒங்களுக்கு அரை டிக்கட் போதுமே” என்று கிண்டல் செய்வார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் லயத்து வாசலில், கொழுந்து பறித்துவிட்டு வந்த மனைவி பாக்கியம் அக்காவுக்கு முழுக்கதையும் சொல்வார். பார்க்காத பாதி சொந்தச் சரக்கு. அதில் யாரும் சாகமாட்டார்கள். வில்லன்கூடத் திருந்தி, கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுவான். ஒருமுறை அவர் கதை சொன்ன படத்தைப் போனில் பார்த்துவிட்டு நான் சண்டைக்குப் போனேன்.

“என்னண்ணே, கடைசியில ஹீரோ செத்துப் போறான். நீங்க அவனுக்குப் புள்ள பொறந்துச்சின்னு சொன்னீங்களே?”

“சாகடிச்சது டைரக்டரு. என்னைய ஏன்யா கேக்குற?”

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

போன மழைக்காலத்தில் அக்கா காய்ச்சலில் படுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில்தான் திரும்பினார். அண்ணன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தப்படிக்க வந்தவர்களிடம் போய், தாளம் தப்புகிறது என்று குறை சொன்னார். கல் மனசுக்காரன் என்று லயமே பேசியது. அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை, வாசலுக்கு வந்து கதை சொல்லவுமில்லை. மனுஷன் இப்படியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். சிரிப்புப் படம் என்று போஸ்டரில் போட்டிருந்ததை நம்பி இழுத்துக்கொண்டு போனேன்.

படமா அது! நாலு பேர் மாறி மாறி வழுக்கி விழுந்தார்கள், பார்த்தவர் ஒருத்தரும் சிரிக்கவில்லை. இடைவேளை மணி அடித்தது. அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார். கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“பஸ்ஸுக்குப் போகலையாண்ணே?”

“இப்ப பஸ் ஏறுனாத்தான் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அவளுக்கு முதுகுவலி, சாக்க நான்தான் தூக்கணும். இனி யாருக்காக ஓடுறது?”



இடைவேளைக்குப் பிறகு படம் இன்னும் மோசம். சிரிப்பை விட்டுவிட்டுத் திடீரென்று அழுகைக்குள் இறங்கியது. ஆனால் அதுவரை வழுக்கி விழுந்துகொண்டிருந்த ஒரு நடிகர், மனைவிக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போகிறார். கட்டில் காலியாக இருக்கிறது. அவர் அழவில்லை. குழாயடியில் கஞ்சியைக் கொட்டிவிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவுகிறார். கழுவிக்கொண்டே இருக்கிறார். என் பக்கத்தில் அண்ணன் வாய்விட்டு அழுதார். தியேட்டரே திரும்பிப் பார்த்தது.

லயத்துக்கு வந்ததும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“படம் மட்டம். ஆனா ஒருத்தன் நடிச்சிருக்கான் பாரு, அவனுக்காகப் பாக்கலாம்” என்று வீங்கிய கண்ணோடு கதையை ஆரம்பித்தார். முதல் தடவையாக முழுசாகப் பார்த்த படம். கஞ்சி கொண்டுபோன இடத்தில் குரல் நின்றுவிட்டது.

“அப்புறம் அந்தப் பொம்பளைக்கு என்னாச்சிண்ணே?” என்று கேட்டாள் என் மனைவி.

“சொகமாகி வீட்டுக்கு வந்துட்டா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா, வந்துட்டாங்க” என்றேன். “நானும் பாத்தேன்.”