பாய்லர் பதப்படுத்திய தொண்டை

வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு என் மகள் சுடரின் வாயிலிருந்து குரலுக்குப் பதில் காற்று வந்தது. மறுநாள் ஹட்டனில் பேச்சுப் போட்டி. கண்ணாடி முன்னால் கையை வீசி வீசி அவள் பழகியதெல்லாம் நினைவுக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல டீச்சர். சுடுதண்ணி குடுங்க, பேச விடாதீங்க" என்றார்கள். பயப்படாமலிருக்க நான் எங்கே கற்றேன்?

வீடு திரும்பினால் வாசலில் பாய்லர்.

உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் பாய்லரிடம் ஒரே வைத்தியம்தான்: தேயிலை செய்வது. ஃபெக்டரி அடுப்புக்கு விறகு போட்டே ஓய்வு பெற்றவர். சுளுக்கோ மருமகள் சண்டையோ, கொழுந்து தேயிலையாகும் வரிசையில்தான் குணமாக்குவார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துவிட்டது என்பார்கள்.

சுடரின் வாய்க்குள் டோர்ச் அடித்தார். "பச்சைக் கொழுந்து டீச்சர். மொதல்ல வாட்டணும்."

வாட்டுவது என்றால் சுடுதண்ணீர் பேசின், தலைக்கு மேல் கம்பளி, ஆவி.

"அடுத்து அரைக்கணும்."

"ஐயோ, எதை அண்ணே?"

"இஞ்சியத்தான்! புள்ளையவா அரைப்பேன்?"

இஞ்சியும் கொத்தமல்லியும் கொதித்தன. பிறகு உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். தேயிலையை யாரும் கழுவுவதில்லையே என்றேன்.

"மெஷினக் கழுவுவோம்ல?"

மூன்றாவது, புளிக்க விடுவது. அந்த நேரத்தில் கொழுந்தை யாரும் தொடக் கூடாது, தொண்டையையும் அப்படியே. சுடர் பேசக் கூடாது, சரி. அடுத்தவர் பேசினால் பதில் சொல்ல அவளுக்கு ஆசை வருமாம். அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருமே பேசக் கூடாது.

வாசலில் நின்று கத்தினார். "டீவிய நிறுத்துங்க! எவடி அங்க சிரிக்கிறவ?"

"எங்க சேவலுக்கும் சேத்தாண்ணே?" என்றாள் பக்கத்து வீட்டு மரியாயி.

"ஏன், அதுக்கு வாயில்லையா?"

சேவல் கூடைக்குள் போனது. மீன்காரர் ஹோர்ன் அடிக்காமல் ஒரு சாளையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நகர்ந்தார். இருட்டும்வரை எங்கள் லயத்தில் கேட்ட ஒரே சத்தம், "சத்தம் போடாதீங்க!" என்ற பாய்லரின் சத்தம்.

கடைசியாகக் காய வைப்பது. கழுத்தில் மஃப்ளரைச் சுற்றி அடுப்படியில் உட்கார வைத்தார்.

மறுநாள் பஸ்ஸிலும் சுடர் வாயைத் திறக்கவில்லை; நானும் திறக்கச் சொல்லவில்லை. குரல் வந்ததா இல்லையா என்று பார்க்கவே பயம். மண்டபத்தில் அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளைதான் பாக்கி.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கம்பளித் தொப்பியும் ஃபிளாஸ்க்குமாகப் பாய்லர் வந்தார். மூடியில் இஞ்சித் தண்ணீரை ஊற்றி நீட்டினார். சுடர் குடித்துவிட்டு, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி, "தாங்க்ஸ் பாய்லர் மாமா!" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"என்னண்ணே, தொண்டைக்கு என்ன?" என்று பதறினேன்.

என் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்: "நான் பேச வேண்டியதெல்லாம் நேத்தே பேசிட்டேன் டீச்சர். இனி புள்ள பேசட்டும்."